புரட்டிப் பார்க்காத ஓணான்கள்

ஓணானைப் பார்த்து அது என்ன வகை, ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். முதன்முதலில் இதைக் கேட்டபோது என் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப என் தம்பிக்கு என்ன வேலை? அதுங்களுக்கு ஜாதகம் பார்க்கிறதா?” என்று கேட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். என் கணவருக்கு என்ன வேலை என்பதை அவரிடம் ரொம்ப நாளைக்கு நாங்கள் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்குப் பின்னால், சரக்குக் கிடங்குகளையெல்லாம் தாண்டி, தகரக் கூரை போட்ட கட்டடம் ஒன்று இருக்கிறது. பெட்டியிலும் பையிலும் ஒளித்துக் கொண்டுவந்து மாட்டிக்கொண்ட உயிர்களை அங்கேதான் கொண்டுவந்து தள்ளுவார்கள். உள்ளே மூன்று அறைகள். ஒன்று பறவைகளுக்கு, ஒன்று ஊர்வதற்கெல்லாம். மூன்றாவதில் ஒரு எவர்சில்வர் மேஜையும் தண்ணீர்க் குழாயும் மட்டும்தான். வந்ததைப் பார்த்துப் பெயர் சொல்வது என் வேலை. தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் அவர் வேலை. நம்மூர் உயிராக இருந்தால் காட்டில் விட்டுவிடலாம். வெளியிலிருந்து வந்ததை அப்படி விடக் கூடாது, வைத்துக்கொள்ளவும் இடம் கிடையாது. ஏதாவது மிருகக்காட்சிசாலை கேட்டால் கொடுப்போம். யாரும் கேட்காததை மூன்றாவது அறைக்குக் கொண்டுபோய் ஊசி போட வேண்டும். அதுவும் அவர் வேலைதான்.

போன வருஷம் கிளிகள் வந்தன. சீக்குப் பிடித்த கிளிகள். ஒன்றைக்கூட விடக் கூடாது என்று மேலேயிருந்து உத்தரவு. எல்லாவற்றையும் அவர் ஒருத்தரே செய்தார். கடைசிக் கூண்டில் இருந்த ஒன்று “கதவைச் சாத்து, கதவைச் சாத்து” என்று சொல்லிக்கொண்டே இருந்ததாம். யார் வீட்டுக் கூடத்தில் கற்றுக்கொண்டதோ. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அதற்கும் போட்டார்.

அதற்குப் பிறகு என் வீட்டில் இருந்தது அவர் இல்லை. காலில் செருப்போடு படுக்கையில் படுப்பார். கழற்றுங்கள் என்றால் குனிந்து காலையே பார்த்துக்கொண்டிருப்பார், அது யாருடைய கால் என்பதுபோல. ஒரு நாள் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர், ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும், நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஒரு மாதம். அண்ணி ஊட்டிவிட்டால் சாப்பிடுவார், விட்டுவிட்டால் சும்மா கிடப்பார். அப்போதுதான் அவர் செய்கிற வேலை என்னவென்று நான் அண்ணியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அண்ணி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தம்பியைத் தேற்றிக் கையோடு அழைத்துவந்து எங்கள் வீட்டு வாசலில் விட்ட அன்றைக்கு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

“இந்தத் தடவை திருப்பிக் கொண்டுவந்துட்டேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அவன் என் வீட்டுக்கும் வரமாட்டான், உன் வீட்டுக்கும் வரமாட்டான். நீதான் கூடவே இருக்கே. நீ பார்த்துக்கோ.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து என் வேலை இரண்டாயிற்று.

ஒன்று இரண்டு என்றால் சமாளித்துக்கொள்வேன், கூட்டமாக வந்தால் என்னால் முடியாது என்று வேலைக்குத் திரும்பியதும் என் கணவரே அதிகாரியிடம் போய்ச் சொன்னார். எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. கூரை ஒழுகுகிறது என்றாலும் பார்க்கலாம், கையுறை தீர்ந்துவிட்டது என்றாலும் பார்க்கலாம். இதற்கும் பார்க்கலாம் என்றார். பார்க்கவில்லை.

அப்புறம்தான் இந்தச் சூட்கேஸ் வந்தது. மேலே துணிமணி, அடியில் வரிசை வரிசையாகக் குழந்தைகள் போடும் சாக்ஸ். பூப்போட்டது, கோடு போட்டது, கரடி முகம் போட்டது. ஒவ்வொரு சாக்ஸும் வாயில் முடிச்சுப் போட்டிருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஓணான். சில முடிச்சுகளை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது அசையவில்லை. உயிரோடு இருந்தவற்றை மட்டும் பெரிய கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினோம். அறுபதுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். எல்லாம் மண் நிறம், எல்லாம் எலும்பும் தோலும். தொட்டியின் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்துகொண்டன.

அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, “தோட்டத்து ஓணான்தானே? வேலிக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வேலையைப் பாருங்க,” என்றார்.

என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். அவர் எதற்காகப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். ஆமாம் சார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஒன்றைக் கையில் எடுத்தேன். தோட்டத்து ஓணானுக்குப் பிடரியிலிருந்து முதுகு நெடுக ரம்பம் போல ஒரு வரிசை முள் எழுந்து நிற்கும். உடம்பு பக்கவாட்டில் ஒடுங்கியிருக்கும், வால் சாட்டை மாதிரி நீண்டு மெலிந்துபோகும். இதற்கு உடம்பே தட்டை, யாரோ உள்ளங்கையால் அழுத்திவிட்டதைப்போல. தலை அகலம். காதுத் துளையைச் சுற்றிக் குட்டிக் குட்டி முள் கொத்துகள். வாலில் செதில்கள் வளையம் வளையமாக அடுக்கியிருந்தன. இது பாறையில் வாழ்கிற ஜாதி, கடல் தாண்டி வந்தது. படத்தில் பார்த்திருக்கிறேனே தவிர, அன்றுவரை கையில் பிடித்ததில்லை.

“நம்ம ஊர் இல்லை சார்,” என்றேன்.

என் கணவர் குனிந்து காலிச் சாக்ஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தார்.

தொலைவில் இருந்த ஒரு மிருகக்காட்சிசாலைக்குச் செய்தி போனது. எடுத்துக்கொள்கிறோம், ஆனால் பெண் மட்டும்தான் என்று பதில் வந்தது. அவர்களிடம் ஏற்கெனவே ஆண் இருக்கிறதாம். இரண்டு ஆண்களை ஒரே இடத்தில் விட்டால் ஒன்றை ஒன்று கடித்துக் குதறிவிடுமாம். வேறு எங்கும் ஆண் ஓணானை வாங்க ஆள் இல்லை. ஜென்மத்தில் ஒரு தடவை எங்கள் அதிகாரி பார்க்கலாம் என்று சொல்லாமல், “ஆணா இருக்கறதையெல்லாம் இந்த வாரமே முடிச்சிருங்க, இடம் அடைக்குது,” என்றார்.

ஆக, நான் ஆண் என்று சொல்கிற ஒவ்வொன்றும் அவர் கையில் ஒரு ஊசி. கண் முன்னால் ஓணான் இருந்தது, கண்ணுக்குப் பின்னால் செருப்போடு படுத்திருக்கும் அந்தக் கால்கள் இருந்தன. இந்த நிலையில் யாராவது ஒழுங்காகப் பார்ப்பார்களா?

இந்தப் பாறை ஜாதியில் ஆண் பெண் பார்ப்பதற்கு அதைப் புரட்டிப் போட வேண்டும். வால் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால், அடிவயிற்றில், குண்டூசியால் குத்தினதுபோல ஒரு வரிசைப் புள்ளிகள் இருக்கும். ஆணுக்கு அந்தப் புள்ளிகளில் மஞ்சள் மெழுகு திரண்டு நிற்கும். பெண்ணுக்கு இருக்காது, இருந்தாலும் இருக்கிற இடம் தெரியாது. வாலின் அடியிலும் ஆணுக்கு இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும். வயிறு நிறையச் சாப்பிட்ட ஓணானிடம் இதெல்லாம் சுலபம். இவை சாக்ஸுக்குள் எத்தனை நாள் கிடந்தனவோ, வாலின் அடி கயிறு மாதிரி வற்றிப்போயிருந்தது. புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அழுக்கு அப்பிக் காய்ந்திருந்தது. ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன், தோலே உரிந்து வந்தது. தண்ணீர் காட்டித் தேற்றிவிட்டுப் பார்க்கிறேன், அவகாசம் கொடுங்கள் என்று கேட்டதற்கு அதிகாரி கொடுக்கவில்லை.

அதனால் நிறத்தை வைத்துப் பார்த்தேன். தோட்டத்து ஓணானில் எனக்கு இத்தனை வருஷப் பழக்கம். அதில் கழுத்து சிவந்தால் ஆண், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். தொட்டிக்கு மேலே விளக்குப் போட்டுச் சூடு காட்டியதும் இவற்றிலும் சிலதுக்கு நிறம் ஏறியது. தலை செங்கல் நிறமாகி உடம்பு நீலம் பாய்ந்தவை சில. விலாவில் மட்டும் ஆரஞ்சுத் திட்டு எழுந்தவை சில. நிறம் ஏறினதெல்லாம் ஆண் என்று தனியே எடுத்து ஒரு பெட்டியில் போட்டேன். மீதியெல்லாம் மண் நிறம், மீதியெல்லாம் பெண். சந்தேகமாக இருந்தவற்றையும் பெண் பக்கமே தள்ளினேன். பெட்டி நான் பயந்த அளவுக்கு நிறையவில்லை. நிம்மதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு மூன்றாவது அறைக்குப் போனார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவர் வெளியே வந்தபோது முகத்தையே பார்த்தேன். எதையோ கேட்பதற்கு வாயெடுத்தார், அப்புறம் அதை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

“இவ்வளவுதானே?”

“இவ்வளவுதாங்க. இனிமே கிடையாது,” என்றேன். சத்தியம் பண்ணாத குறை.

செத்தவற்றைத் தூக்கிப் போட முடியாது, கடத்தல் வழக்கு முடிகிறவரை உறைபெட்டியில் இருக்க வேண்டும். அவரே பைகளில் கட்டி உள்ளே வைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவர் கால்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பை வாசலில் கழற்றி, சுவரோடு சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். சாப்பிட்டார். தூங்கினார். ஒரு கண்டம் தாண்டியாயிற்று என்று நினைத்தேன்.

தொட்டியில் இருந்தவை மெல்லத் தேறின. இலை நறுக்கிப் போட்டால் தின்றன, வெட்டுக்கிளி விட்டால் பாய்ந்து பிடித்தன. சில நாள் கழித்து ஒரு காலையில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றபோது, செங்கல் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ‘பெண்’ ஒன்றின் தலை சிவந்துகொண்டு வந்தது. நான் பார்க்கப் பார்க்கவே கழுத்து வரைக்கும் இறங்கியது. அது முன்னங்காலை ஊன்றித் தண்டால் எடுத்தது. சுற்றியிருந்தவை எல்லாம் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டன.

விஷயம் அப்போதுதான் உறைத்தது. தோட்டத்து ஓணான் தனிக்காட்டு ராஜா, அதனால் அதனிடம் இந்தத் தகிடுதத்தம் கிடையாது. இந்தப் பாறை ஓணான் கூட்டமாக வாழ்வது. ஒரு தெருவுக்கு ஒரு ரவுடி என்பதுபோல ஒரு கூட்டத்தில் நிறம் காட்ட ஒரு சிலதுக்குத்தான் தைரியம் வரும். மற்ற ஆண்கள் எல்லாம் மண் நிறத்தைப் பூசிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, பெண்களோடு பெண்களாக ஒண்டிக்கொள்ளும். கடி வாங்காமல் பிழைப்பதற்கு அதுதான் வழி. நான் பெரியவற்றை எடுத்துவிட்டேன். இடம் காலியானதும் அடுத்தது எழுந்துகொண்டது. அதை எடுத்தால் அதற்கு அடுத்தது எழும். நாங்கள் ஆண்களைக் கொல்லக் கொல்ல, பெண்களுக்குள்ளிருந்து ஆண்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

நான் மறைப்பதற்குள் அவர் தீனித் தட்டோடு வந்துவிட்டார். கண்ணாடிக்குள் பார்த்தார்.

“பெண்ணுன்னு சொன்னியே.”

சொன்னேன்தான். அதன் பின்னாலேயே இன்னும் சிலதும் நிறம் மாறின. இரண்டாவது பெட்டி நிறைந்தது. அவர் எடுத்துக்கொண்டு போனார். நான் மறுபடி வராந்தாவில் நின்று, இந்தத் தடவை வெறுமனே நிற்காமல் வாயில் வந்தபடி எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தேன். சாக்ஸில் கட்டியவனை, பெண் மட்டும் கேட்டவர்களை, ‘பார்க்கலாம்’ அதிகாரியை, கழுத்து சிவந்தால் ஆண் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த தோட்டத்து ஓணானை. அவர் வெளியே வந்து கையை ரொம்ப நேரம் கழுவினார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தார். அவர் உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இன்னொரு பெட்டி போனால் மனுஷன் தாங்கமாட்டார் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாவதாக ஒன்று சிவந்தபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்கு ‘மேஸ்திரி’ என்று பெயர் வைத்தேன். செங்கல்மேல் ஏறிக்கொண்டு தொட்டி முழுவதையும் அப்படித்தான் அதட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி இருக்கிறவரை வேறொன்றும் தலையெடுக்காது. மற்ற ஆண்களெல்லாம் மண் நிறத்திலேயே கிடக்கும். மிருகக்காட்சிசாலையிலிருந்து ஆள் வருகிறவரை இந்த ஒரு ரவுடியை நான் காப்பாற்றினால், மீதி எல்லாவற்றையும் அவன் காப்பாற்றிக் கொடுப்பான். கடைசி நாளில் அவன் ஒருத்தனை மட்டும் எடுத்து மாற்றிவிட்டால் போதும். ஒன்று என்றால் அவர் சமாளித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாரே. இப்படி ஒரு கணக்கு.

ஊர்வன அறைக்குள் இனி நீங்கள் வர வேண்டாம், தீனியெல்லாம் நானே போட்டுக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சரி என்று பறவைகள் பக்கமே இருந்துகொண்டார். வர வர அவருக்குப் பழைய கிண்டலும் திரும்பியது. மாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “உன் பொண்ணுங்க எல்லாம் எப்படி இருக்காங்க? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எப்ப வராங்களாம்?” என்பார். நல்லா இருக்காங்க என்று நானும் சொல்வேன்.

நன்றாக இல்லை. விளக்கின் சூடு விழுகிற இடம் முழுக்க மேஸ்திரிக்குத்தான். அந்தப் பக்கம் தப்பித் தவறி வந்ததை அவன் பிடரியில் கவ்வி உதறினான். மற்றவை தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பின்னால், சில்லிட்ட மூலையில், ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. ஓணானுக்கு வெயிலோ விளக்கோ பட்டால்தான் தின்றது செரிக்கும். சூடு இல்லையென்றால் தின்றது வயிற்றிலேயே அழுகிவிடும். இன்னொரு விளக்கும் இன்னொரு தொட்டியும் கேட்டுப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார்கள். தொட்டியைப் பிரித்தால் பிரித்த இடத்தில் இன்னொரு மேஸ்திரி எழுவான், அதனால் நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. காலையில் போனால் மூலையில் ஒன்று விறைத்துக் கிடக்கும். சில நாள் இரண்டு. உறைபெட்டியில் வைத்தால் அவர் கண்ணில் படும் என்று, பேப்பரில் சுற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் குப்பைத் தொட்டியில் போட்டேன். ஊசியால் சாகவில்லையே, யார் கையாலும் சாகவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தின்று தேறியவற்றுக்கு இதற்குள் வால் பருத்திருந்தது. தோலும் உரிந்து புதுசாகியிருந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்திருந்தால் எது ஆண், எது பெண் என்று ஒரே மதியத்தில் சொல்லியிருப்பேன். தெரிந்துவிடும் என்பதால்தான் நான் எதையும் புரட்டவில்லை.

மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கழுத்தில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி, அதற்கும் மேலே தலையில் பட்டை கட்டிய டார்ச். நான் காலையிலேயே மேஸ்திரியை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். தொட்டி முழுக்க மண் நிறம். ஜாடிக்கேற்ற மூடி மாதிரி எல்லாம் பொருந்தியிருந்தது. எல்லாம் பெண்தான், அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொன்னேன். அவள் மரியாதையாகச் சிரித்தாள். ஒரு வாளியை வலப்பக்கமும் ஒரு வாளியை இடப்பக்கமும் வைத்துக்கொண்டாள். பஞ்சை எண்ணெயில் நனைத்து, முதல் ஓணானை எடுத்துப் புரட்டினாள்.

அவள் கை வேகமாகவே ஓடியது. அடிவயிற்றைத் துடைப்பாள், டார்ச்சைக் காட்டுவாள், வாலின் அடியை விரலால் தடவுவாள், இடது வாளி. மறுபடி இடது. மறுபடி இடது. வலது வாளியில் எப்போதாவதுதான் ஒன்று விழுந்தது. இடது வாளிக்குள் நகங்கள் பிளாஸ்டிக்கைப் பிறாண்டுகிற சத்தம் கூடிக்கொண்டே போயிற்று. பறவை அறையிலிருந்து என் கணவர் வந்து கதவில் சாய்ந்து நின்றார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

“இடது பக்கம் எல்லாம் ஆண்,” என்றாள் அவள். “புள்ளி நல்லாவே தெரியுதே மேடம். சாக்ஸ்ல வந்தப்ப தெரிஞ்சிருக்காது, ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் நீங்க புரட்டிப் பார்க்கவே இல்லையா?”

அவளுக்கு என்னை அவமானப்படுத்துகிற எண்ணமெல்லாம் இல்லை. அது அவள் குரலிலேயே தெரிந்தது. இத்தனை ஆண்கள் இருக்கிற கூட்டத்தில் பெண்கள் இவ்வளவு குறைவாக இருக்காதே, ஏற்கெனவே எடுத்தவற்றைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவர்தான் உறைபெட்டியைத் திறந்து பைகளை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார். உறைந்துபோனதில் நிறமெல்லாம் வடிந்துவிட்டிருந்தது. சிவந்ததும் நீலமும் ஆரஞ்சும் எல்லாம் ஒரே சாம்பல். அவள் முதல் பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பஞ்சால் துடைத்தாள். சிலவற்றில் புள்ளி வரிசை இருந்தது. சிலவற்றின் அடிவயிறு மொழுமொழுவென்று வெறுமையாக இருந்தது. அப்படி வெறுமையாக இருந்த ஒன்றின் வயிற்றை அவள் கட்டை விரலால் அழுத்தினாள். உள்ளே உருண்டை உருண்டையாகத் தட்டுப்பட்டது எனக்கே தெரிந்தது.

“இதுக்கு விலாவில ஆரஞ்சுத் திட்டு இருந்துச்சா?”

இருந்தது என்றேன்.

“இந்த வகையில பொம்பளைக்குத்தான் அது வரும். முட்டை வச்சிருக்கறப்ப வரும்.”

நிறம் ஏறினதெல்லாம் ஆண் என்று, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பொறுக்கி எடுத்து நான்தான் பெட்டியில் போட்டிருக்கிறேன். பெண்களைக் கொன்றுவிட்டு, ஆண்களுக்குப் பெண் வேஷம் போட்டு இவ்வளவு நாள் இலை நறுக்கிப் போட்டிருக்கிறேன். அவள் வலது வாளியில் இருந்ததைத் துணிப்பைகளில் மாற்றிக்கொண்டாள். ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகிற சுமைதான். கிளம்பும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். அது எனக்கு இன்னும் எரிகிறது.

மேஜைக்கு அடியில் இருந்த துணிப்பையை அவரே குனிந்து எடுத்தார். நான் ஒளித்து வைத்திருந்ததை அவர் எப்போது பார்த்தாரோ. முடிச்சை அவிழ்த்து மேஸ்திரியை வெளியே விட்டார். பையின் இருட்டிலும் பயத்திலும் மேஸ்திரியின் சிவப்பெல்லாம் இறங்கிப்போய், அவனும் மண் நிறமாகியிருந்தான். அவனையும் இடது வாளியில் போட்டார்.

“மன்னிச்சிருங்க,” என்றேன். “உங்களுக்கு மறுபடி அப்படி ஆயிடக் கூடாதுன்னுதான்... ஒவ்வொண்ணா உங்க கைக்கு வரக் கூடாதுன்னுதான் நான் பார்க்கலை. இப்ப மொத்தமா வந்துருச்சு. நீங்க பண்ண வேண்டாம். வேலை போனாலும் போகுது. நாம கிளம்பிரலாம்.”

“எதுக்கு?” என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. வருத்தமும் இல்லை. உறைந்த பைகளைத் திரும்ப எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“முதல் பெட்டியிலேயே எனக்குத் தெரியும். ஊசி போடத் தண்ணியில நனைச்சு மல்லாக்கப் புடிக்கறேன்ல, சிலதுல புள்ளி இல்லைன்னு தெரிஞ்சுச்சு. வயித்துல முட்டை கையில தட்டுப்பட்டுச்சு.”

“தெரிஞ்சுமா போட்டீங்க?”

“நீ ஆண்னு சொன்னே. போட்டேன்.”

அன்றைக்கு மூன்றாவது அறையிலிருந்து வெளியே வந்து எதையோ கேட்க வாயெடுத்தாரே, அது இதுதான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“சொன்னா நீ எல்லாத்தையும் திரும்ப முதல்லேருந்து பார்ப்பே. வேலை இழுக்கும். முடிஞ்சா சரின்னு இருந்துச்சு.” கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னார். “நீ பயப்படற மாதிரி இல்லை இப்ப. கிளியோட போச்சு அதெல்லாம். கை பழகிருச்சு.”

இடது வாளியை மூடியால் மூடித் தூக்கிக்கொண்டு மூன்றாவது அறைக்குப் போனார். நான் வராந்தாவில் நிற்கவில்லை. உள்ளேயே போய் நின்றேன். இந்தத் தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. அவர் ஒன்றை எடுப்பார், புரட்டுவார், போடுவார், பக்கத்தில் வைப்பார், அடுத்ததை எடுப்பார். நடுவில் அதிகாரி போன் பண்ணியபோது ஊசியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பேசினார். பார்க்கலாம் சார் என்று அவரிடமே சொல்லிவிட்டு வைத்தார். அந்தக் கிண்டலுக்கு நான் சிரிப்பேனா என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். மேஸ்திரி எப்போது வந்தான் எப்போது போனான் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாம் ஒரே மண் நிறத்தில் இருந்தன.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி, இரண்டையும் நேராக்கி, சுவரோடு சேர்த்து வைத்தார். பசிக்கிறது என்றார். நான் தட்டு வைத்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணி போன் பண்ணினார். கொஞ்ச நாளாகவே தினம் பண்ணுகிறார். “அவன் எப்படிம்மா இருக்கான்?”

“அக்காவா? நான் நல்லா இருக்கேன்னு சொல்லு,” என்றார் அவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

நல்லா இருக்காருண்ணி என்றேன். சாப்பிடுகிறானா என்று கேட்டார், சாப்பிடுகிறார் என்றேன். தூங்குகிறானா என்று கேட்டார், தூங்குகிறார் என்றேன். செருப்பைக் கழற்றுகிறானா என்று அவர் கேட்டபோது வாசலில் சுவரோரம் இருந்த செருப்பைப் பார்த்தேன். கழற்றுகிறார் என்றேன். அப்பாடா, நீ நல்லாப் பார்த்துக்கிட்டே, உன்னை நம்பித்தான் விட்டேன் என்று அண்ணி அழுதார்.

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, நாளைக்கு ஆமை வருகிறதாம், நிறைய வருகிறதாம், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தார். படுத்த உடனே தூங்கிப்போனார். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அண்ணியைக் கூப்பிட்டிருப்பேன். இதற்கு யாரைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.